மூன்று நூலும் ஒன்பது மில்லியும்

சென்ற மாதம் பலதுறை மருந்தகத்தில் ஓர் இளம் மருத்துவர் கணினித் திரையை என் பக்கம் திருப்பி, சாம்பல் நிறப் படத்தில் இருந்த வெள்ளைப் புள்ளி ஒன்றைப் பேனா முனையால் தொட்டுக் காட்டினார்.

“சின்னக் கல்லுதான் ஆன்ட்டி. ஃபோர் மில்லிமீட்டர். மிளகு சைஸ் லா. தண்ணி நெறைய குடிங்க, தானா போயிடும்.”

நியாயமாக எனக்குக் கொஞ்சம் பயம் வந்திருக்க வேண்டும். சிறுநீரகத்தில் கல் என்றால் யாருக்குத்தான் வராது. ஆனால் மனம் அதற்குள் வேறொரு வேலையில் இறங்கிவிட்டது. நான்கை மூன்று சொச்சத்தால் வகுத்து, “அப்ப ஒண்ணேகால் நூல்தான்,” என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன்.

மருத்துவர் நிமிர்ந்து பார்த்தார். “நூலா? இது கல்லு ஆன்ட்டி.”

பிறகு கணினியில் எதையோ தட்டினார். என் ஞாபகசக்தியைப் பற்றி ஒரு வரி சேர்த்திருப்பார் என்று நினைக்கிறேன். சேர்க்கட்டும். எழுபதை நெருங்கும் ஒருத்தி மில்லிமீட்டரை நூலாக மாற்றிப் பார்த்தால்தான் அதன் அளவு அவளுக்குக் கண்ணில் தெரியும் என்பதை ஒரு பத்து நிமிடச் சந்திப்பில் விளக்க முடியாது. உங்களிடம் விளக்கலாம். உங்களுக்கு அடுத்த நோயாளி காத்திருக்கவில்லை.

மருந்தை வாங்கிக்கொண்டு சிங்கப்பூரின் ஜாலான் புசார் சாலை வழியாகப் பேருந்து நிறுத்தத்துக்கு நடந்தேன். வழியில் இன்னும் மிஞ்சியிருக்கும் இரும்புக்கடை ஒன்றின் வாசலைத் தாண்டும்போது அந்த வாசனை வந்தது. எந்திர எண்ணெய், சணல் கயிறு, கொஞ்சம் துரு, போல்ட்டுகளைச் சுற்றித் தரும் பழைய செய்தித்தாள் எல்லாம் சேர்ந்த வாசனை. அது மூக்கில் ஏறினால் எனக்குப் பத்தொன்பது வயது ஆகிவிடும். கால்வலிகூடக் கொஞ்ச நேரம் மரியாதையாக ஒதுங்கிக்கொள்ளும்.

அந்த வயதில்தான் அதே சாலையில், இப்போது ஒரு சின்ன ஹோட்டல் இருக்கும் இடத்தில், ஓர் இரும்புக்கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். எந்த ஆண்டு என்று கேட்காதீர்கள். தேதி போடாமல் நான் எதையும் எழுதுவதில்லை, மளிகைச் சீட்டில்கூடத் தேதி போடுவேன் என்று வீட்டில் கேலி செய்வார்கள். ஆனால் அந்த ஆண்டின் நாட்குறிப்பு ஈரத்தில் நனைந்து அட்டை போய்விட்டது. உள்ளே கிழமைகள் பத்திரமாக இருக்கின்றன, ஆண்டு மட்டும் அட்டையோடு போய்விட்டது. எழுபதுகளின் நடுப்பகுதி என்பது வரை நிச்சயம். அதற்கு மேல் ஊகித்து எழுதினால் நீங்கள் சரிபார்க்கப் போவதில்லை, ஆனால் எனக்குத் தூக்கம் வராது.

அடியும் இஞ்சும் போய் மீட்டர் வந்துகொண்டிருந்த காலம் அது. சப்ளையர்கள் அனுப்பும் பட்டியல்கள், அரசாங்கக் குத்தகைத் தாள்கள் எல்லாம் மில்லிமீட்டருக்கு மாறிக்கொண்டிருந்தன. கடை முதலாளி ஒரு ஹொக்கியன் சீனர். நாங்கள் தவுக்கே என்று கூப்பிடுவோம். அவருக்கு மீட்டர் தெரிந்த ஆள் ஒருவர் தேவைப்பட்டார். நேர்முகத் தேர்வு ஒரே ஒரு கேள்விதான்.

“ஆ மோய், மில்லிமீட்டர் யூ நோ?”

ஆ மோய் என்றால் சின்னப் பெண்ணே என்று அர்த்தம். தெரியும் என்றேன். பள்ளியில் கணக்கில் நல்ல மதிப்பெண்.

“ஷோ மீ.”

கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் நெருக்கி, நடுவில் இடைவெளி விட்டுக் காட்டினேன். தவுக்கே மேசை இழுப்பறையைத் திறந்து வெர்னியர் அளவியை எடுத்து, என் விரல்களுக்கு நடுவே நுழைத்துப் பார்த்தார். நான்கு மில்லிமீட்டர். அவர் அளவியை இழுப்பறைக்குள் வைத்து மூடினார். மறுநாள் வரச் சொன்னார். நாலு மடங்கு தப்பாகக் காட்டி வேலை வாங்கியவள் நான் ஒருத்திதான் இருப்பேன்.

கடையில் சரக்கறைப் பொறுப்பு வேலாயுதம் அண்ணனுடையது. தஞ்சாவூர்ப் பக்கம் பிறந்தவர், சிறு வயதிலேயே சிங்கப்பூருக்கு வந்துவிட்டவர், அப்போது நாற்பது வயது இருக்கும். சுவர் நிறைய இழுப்பறைகள். ஒவ்வொன்றின் முகப்பிலும் உள்ளே இருக்கும் போல்ட்டில் ஒன்றைக் கம்பியால் கட்டித் தொங்கவிட்டிருப்பார்கள். எழுத்தே கிடையாது. வேலாயுதம் அண்ணனுக்குப் போல்ட்டின் அளவு நூல். ஓர் இஞ்சில் எட்டில் ஒரு பங்கு ஒரு நூல். மூன்று நூல் போல்ட்டு, நாலு நூல் குழாய், ஆறு நூல் கம்பி. இந்த அளவுக்கு ஏன் நூல் என்று பெயர் என்று நான் பிற்பாடு பல புத்தகங்களில் தேடியிருக்கிறேன். கிடைத்த விளக்கங்களையெல்லாம் எழுதி, ஒவ்வொன்றின் பக்கத்திலும் கேள்விக்குறி போட்டு வைத்திருக்கிறேன்.

தவுக்கேக்கு அதே அளவு ஹுன். ஹொக்கியனில் சா ஹுன் என்றால் வேலாயுதம் அண்ணனின் மூன்று நூல். சீனாவிலிருந்து வந்த ஒரு சொல்லும் தஞ்சாவூரிலிருந்து வந்த ஒரு சொல்லும் ஜாலான் புசாரில் ஒரே போல்ட்டின் தலையில் வந்து உட்கார்ந்திருந்தன. இருவருக்கும் பொதுமொழி சந்தை மலாய். “சா ஹுன்,” என்பார் அவர். “மூணு நூல்,” என்பார் இவர். “சாமா, சாமா,” என்று இருவரும் தலையாட்டிக்கொள்வார்கள். அதாவது, இரண்டும் ஒன்றுதான். அந்த நிம்மதியான குடும்பத்துக்குள்தான் நான் மில்லிமீட்டரைக் கூட்டிக்கொண்டு நுழைந்தேன்.

ஒரு மில்லிமீட்டர் எவ்வளவு என்று வேலாயுதம் அண்ணனுக்குக் காட்டுவது என் முதல் வேலை. வெர்னியரைக் காட்டினால், “கோடு கோடா இருக்கு, கண்ணு கூசுது,” என்பார். ஆகவே சாப்பாட்டில் இறங்கினேன். வேகவைக்காத பீஹூன், அதாவது அரிசிச் சேமியா, ஒரு இழை ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர். மீ என்று நாங்கள் சொல்லும் தடித்த மஞ்சள் நூடுல்ஸ் ஒரு இழை மூன்று, அதாவது ஒரு நூல். சுண்டுவிரல் நகத்தின் அகலம் ஒரு சென்டிமீட்டர். அவருடைய சுண்டுவிரல் நகம் பன்னிரண்டு மில்லிமீட்டர் இருந்தது. “என் நகத்துக்கு கவர்ன்மென்ட்டுல அனுமதி இல்லயா தங்கச்சி?” என்று கேட்டார்.

மீ என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. வேலாயுதம் அண்ணனுக்குத் தமிழ் மட்டும்தான் வாசிக்கத் தெரியும். ஆகவே சரக்கறைக்கு நான் அனுப்பும் துண்டுச்சீட்டுகளைத் தமிழில் எழுதுவேன். பள்ளிப் பாடநூலில் இருந்த சுருக்கக் குறிகளை அப்படியே பயன்படுத்துவேன். சென்டிமீட்டருக்குச் செ.மீ., மீட்டருக்கு மீ. ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொன்றரை மணிக்கு, மேல் வரியில் ‘சங்கிலி’ என்றும் கீழ் வரியில் ‘10 மீ’ என்றும் எழுதி உள்ளே அனுப்பினேன். வாடிக்கையாளர் காத்துக்கொண்டே இருந்தார். அரை மணி கழித்து வேலாயுதம் அண்ணன் கழுத்தில் சங்கிலிச் சுருளைப் போட்டுக்கொண்டு, இரண்டு கைகளிலும் வறுத்த நூடுல்ஸான மீ கோரேங் பத்துப் பொட்டலங்களுடன் வந்து நின்றார்.

“சங்கிலி எத்தன அடின்னு எழுதல. பத்து மீன்னு மட்டும் தெளிவா எழுதிட்டீங்க. யாரோ விருந்தாளிங்க வராங்கன்னு நெனச்சேன்,” என்றார். தவுக்கே இரண்டு பொட்டலம் சாப்பிட்டார். சங்கிலி வாங்க வந்தவரும் ஒன்று சாப்பிட்டார். அதற்குப் பிறகு மீட்டர் என்று முழுவதுமாகத்தான் எழுதினேன். இன்றும் ‘மீ’ என்ற குறியைப் பார்த்தால் எனக்கு மிளகாய் எண்ணெய் வாசனை வரும்.

கேலி தாங்காமல்தான் அந்த அட்டவணையைத் தயாரித்தேன் என்று இப்போது தோன்றுகிறது. கடைத் தட்டச்சு எந்திரத்தில் இரண்டு நாள் உட்கார்ந்து, ஒரு தாளில் மூன்று வரிசை அடித்தேன். ஹுன் அல்லது நூல், அதற்கு நேராக இஞ்சின் பின்னம், அதற்கு நேராக மில்லிமீட்டர். ஒரு நூல் மூன்று, இரண்டு நூல் ஆறு, மூன்று நூல் ஒன்பது என்று போய் எட்டு நூல் இருபத்து நான்கில் முடியும். கடைசியில் ஒரு கோடு போட்டு, ஓர் இஞ்சு இருபத்தைந்து. பள்ளியில் சொல்லிக்கொடுத்தபடி ஒரு நூலை முழு எண்ணாக்கி மூன்று என்று வைத்து, மற்றதையெல்லாம் அதிலிருந்தே பெருக்கிவிட்டேன். தவுக்கே அதைக் கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டினார்.

வேலாயுதம் அண்ணன் அதன் முன் நின்று மேலும் கீழும் பார்த்தார். அவருக்கு எண்கள் வாசிக்க எந்த மொழியும் தேவையில்லை.

“தங்கச்சி, எட்டு நூல் ஒரு இஞ்சு. சரியா?”

“சரி.”

“எட்டு நூலுக்கு இருபத்திநாலு போட்டிருக்கீங்க. இஞ்சுக்கு இருபத்தஞ்சு. நடுவுல ஒரு மில்லிய யாரு தின்னா?”

“அது ரவுண்ட் ஆஃப் அண்ணே. ரொம்பச் சின்னது. கண்ணுக்கே தெரியாது.”

தவுக்கேயிடம் இதை அவர் மலாயில் மொழிபெயர்த்தார். தவுக்கேயும் எழுந்து வந்து பார்த்தார். “மானா பெர்கி?” என்று என்னைக் கேட்டார். எங்கே போயிற்று என்று அர்த்தம். நான் சிரித்து மழுப்பினேன். ஓர் இஞ்சு உண்மையில் இருபத்தைந்து புள்ளி நான்கு மில்லிமீட்டர், ஒரு நூல் மூன்று புள்ளி ஒன்று ஏழு ஐந்து. எனக்குத் தெரியும். தெரிந்துதான் வெட்டினேன். புள்ளிகளைப் போட்டால் தாள் அசிங்கமாக இருக்கும் என்று எண்ணினேன்.

அட்டவணை மாட்டி இரண்டாவது வாரம், திங்கட்கிழமை, துரைசிங்கம் கடைக்கு வந்தார். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த குடும்பம், அரசாங்க அலுவலகத்தில் எழுத்தர். வெயில் எப்படி அடித்தாலும் கழுத்துப்பட்டை கட்டியிருப்பார். கடைக்கு மூன்று தெரு தள்ளி மாடி வீட்டில் வாடகைக்கு இருந்தார். திருமணமாகி ஒன்பது ஆண்டுகள் கழித்து அவருக்கு ஒரு பெண் குழந்தை பிறந்திருந்தது. மாதம் நிறைவதற்கு முன்பே பிறந்ததால் குழந்தையை மருத்துவமனையிலேயே கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். தாயும் அங்கேயே. இவர் தினமும் சாயங்காலம் போய்க் கண்ணாடிச் சன்னலுக்கு வெளியே நின்று பார்த்துவிட்டு வருவார். மற்ற நேரத்தில் செய்வதற்கு ஒன்றும் இல்லாததால் ஒரு தொட்டில் கட்டில் வரைந்தார். கட்டத்தாளில், ஒவ்வொரு குழாய்க்கும் அளவு போட்டு, இஞ்சில். எல்லாப் போல்ட்டும் மூன்று நூல்.

போல்ட்டுக்குச் சொல்லிவிட்டு அவர் உடனே போகவில்லை.

“பிள்ளை, நீங்கள்தானே இங்க மீட்டர் கணக்குப் பாக்கிறது?”

“ஆமா சார்.”

“நாப்பத்திநாலு சென்டிமீட்டர் எண்டா எவ்வளவு?”

“பதினேழு இஞ்சுக்குக் கொஞ்சம் மேல சார்.”

அவர் தலையாட்டினார். ஆனால் அந்தப் பதில் அவருக்குப் போதவில்லை என்று தெரிந்தது. “நேர்ஸ் அப்பிடித்தான் சொன்னவ. நீளம் நாப்பத்திநாலு எண்டு. நான் கண்ணாடிக்குள்ளால பாத்தனான். துணியில சுத்திக் கிடக்குது. எவ்வளவு எண்டு விளங்கேல்லை.”

நான் பழுப்புத்தாளை விரித்து, இரும்பு அளவுகோலை வைத்து, பென்சிலால் கோடு போட்டேன். நாற்பத்து நான்கு சென்டிமீட்டர். மூன்று பேரும் அந்தக் கோட்டைப் பார்த்தோம். வெறும் கோடு அது. வேலாயுதம் அண்ணன்தான் துரைசிங்கத்தின் கையைப் பிடித்து, முழங்கை கோட்டின் தொடக்கத்தில் இருக்குமாறு தாளின் மேல் வைத்தார். அவருடைய நடுவிரல் நுனி கோட்டின் முடிவில் போய் நின்றது.

“ஒரு முழம் சார். பூக்காரம்மா அளந்து கொடுக்கிற அதே முழம். உங்க மக அவ்வளவுதான்.”

துரைசிங்கம் கையை எடுக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து மெதுவாக அதைத் தூக்கி, உள்ளங்கை மேலே பார்க்க, மார்போடு சேர்த்து வைத்துப் பார்த்தார். அலுவலக உடையில் ஒரு மனிதர் கடை நடுவில் வெறும் கையைத் தாலாட்டும் நிலையில் பிடித்துக்கொண்டு நின்றதைப் பார்த்து யாரும் சிரிக்கவில்லை. தவுக்கே மட்டும் கணக்குப் புத்தகத்தில் எதையோ தேட ஆரம்பித்தார்.

இனி என் பங்குக்கு வருகிறேன். துரைசிங்கம் தன் வரைபடத்தைப் பின் சந்தில் இருந்த பட்டறைக்குக் கொண்டுபோனார். பட்டறைக்காரர் அப்போதுதான் மில்லிமீட்டர் அளவில் துளைபோடும் கம்பிகள் புதிதாக வாங்கியிருந்தார். புதன்கிழமை எங்கள் கடைக்கு வந்து எட்டிப் பார்த்து, சா ஹுன் போல்ட்டுக்கு எத்தனை மில்லி என்று கேட்டார். நான் எழுந்துகூடப் போகவில்லை. உட்கார்ந்த இடத்திலிருந்தே சுவரைக் காட்டினேன். ஒன்பது. அவர் அந்தத் தாளைச் சிறிது நேரம் பார்த்துவிட்டுப் போனார். கையால் எழுதியிருந்தால் அவர் சந்தேகப்பட்டிருப்பார். தட்டச்சு எழுத்துக்கு அந்தக் காலத்தில் அப்படியொரு மரியாதை.

சனிக்கிழமை பிற்பகல் ஒரு மணிக்குத் துரைசிங்கம் திரும்ப வந்தார். ஒரு கையில் குழாய்ச் சட்டம், மறு கையில் போல்ட்டு. கழுத்துப்பட்டை தோள்மேல் கிடந்தது.

“பிள்ளை, இது உள்ளுக்குப் போகுதில்லை.”

வேலாயுதம் அண்ணன் வாங்கி முயன்றார். தவுக்கே முயன்றார். போல்ட்டின் முனை துளை வாயில் உட்கார்ந்துகொண்டு நகர மறுத்தது. தவுக்கே வெர்னியரை எடுத்தார். துளை ஒன்பது. போல்ட்டு ஒன்பதரை. மூன்று நூலின் உண்மையான அளவு அது. தவிரவும் துளை என்பது போல்ட்டைவிடச் சற்றுப் பெரிதாக இருக்க வேண்டும் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

பட்டறை பூட்டியிருந்தது. பட்டறைக்காரர் உறவினர் கல்யாணத்துக்கு மலேசியாவில் உள்ள பத்து பகாட் ஊருக்குப் போய்விட்டார், திங்கட்கிழமைதான் வருவார்.

“நாளைக்கு மத்தியானம் பிள்ளையும் தாயும் வீட்ட வரினம்,” என்றார் துரைசிங்கம். அவர் கோபப்பட்டிருந்தால் எனக்கு எவ்வளவோ வசதியாக இருந்திருக்கும்.

வேலாயுதம் அண்ணன் எட்டு மில்லி போல்ட்டு ஒன்றைப் போட்டு முடுக்கிக் காட்டினார். உள்ளே போயிற்று. துரைசிங்கம் சட்டத்தைப் பிடித்து ஆட்டினார். கடகடவென்று சத்தம் வந்தது.

“என்ர பிள்ளை இதுக்குள்ள படுக்கிறதோ, ரிக்‌ஷாவில போறதோ?” என்றார். “ஆடக் கூடாது. ஒண்டு ரெண்டு நாள் எண்டாலும் ஆடக் கூடாது.”

இருபத்து நான்கு போல்ட்டுகள். ஒவ்வொன்றும் இரண்டு இரும்பைத் துளைத்துப் போக வேண்டும். நாற்பத்தெட்டுத் துளைகள். தவுக்கே உள்ளே போய், வட்ட அரம் நான்கு எடுத்துவந்து, ஆளுக்கு ஒன்று கொடுத்தார். நாலாவதைத் தானே வைத்துக்கொண்டார்.

கடை வாசலில் ஐந்தடியில் உட்கார்ந்தோம். கடைவீடுகளின் முன்னால் ஓடும் நடைபாதைக்கு ஐந்தடி என்றுதான் பெயர். நாடு முழுவதும் மீட்டருக்கு மாறியும் அதை ஒன்றரை மீட்டர் என்று யாரும் கூப்பிடவில்லை. அளவு என்பது மறந்து இடத்தின் பெயராகிவிட்டால் அப்புறம் அதை எந்தச் சட்டமும் தொட முடியாது போலிருக்கிறது.

அரை மில்லிமீட்டர் எவ்வளவு என்று யாராவது உங்களைக் கேட்டால், பாதி பீஹூன் என்று சொல்லாதீர்கள். நான் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். இரும்பில் ஒரு துளையை அரை மில்லிமீட்டர் பெரிதாக்க, வட்ட அரத்தைச் சுற்றிச் சுற்றித் தேய்த்தால், பழக்கமில்லாத கைக்குப் பத்து நிமிடத்துக்கு மேல் ஆகும். நாலாவது துளையில் ஆள்காட்டி விரலில் கொப்புளம் கிளம்பும். ஆறாவதில் அது உடையும். எனக்கு அரை மில்லிமீட்டர் இன்றும் அந்த அளவில்தான் தெரிகிறது.

“தங்கச்சி, அன்னைக்குக் காணாமப் போன மில்லி எங்கன்னு கேட்டேனே,” என்றார் வேலாயுதம் அண்ணன் தேய்த்துக்கொண்டே. “இதோ தரையில கொட்டிக் கிடக்கு பாருங்க.” இரும்புத்தூள் என் பாவாடை முழுவதும் இருந்தது.

தவுக்கே சிரிக்கவில்லை. “பேப்பர் கேன் ரவுண்ட். ஐயன் கெனாட்,” என்றார். ஏட்டில் புள்ளிகளை வெட்டலாம், இரும்பில் முடியாது என்று நான் எடுத்துக்கொண்டேன். திட்டு அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவர் எங்கள் மூவரையும்விட வேகமாகத் தேய்த்தார்.

எல்லோரையும்விட மோசமாகத் தேய்த்தவர் துரைசிங்கம். அலுவலகத்தில் பேனா பிடித்த கை. ஒவ்வொரு துளை முடிந்ததும் போல்ட்டைச் செருகிப் பார்ப்பார், போகாது, மறுபடி தேய்ப்பார். வழியில் போகிறவர்கள் நின்று விசாரித்தார்கள். வேலாயுதம் அண்ணன் எல்லோருக்கும் ஒரே பதில் சொன்னார்: “சாருக்கு மக பொறந்திருக்கு. ஒரு முழம். வீட்டுக்கு வரப் போகுது.” இந்தப் பதிலைக் கேட்டு எதிர்க்கடைக்காரர் ஒருவர் தன் கடையிலிருந்து அரம் எடுத்துவந்து உட்கார்ந்தார். அவர் பெயர் என் நாட்குறிப்பில் இல்லை. அன்று எழுதும் நிலையில் என் விரல் இல்லை.

ஐந்து மணிக்கு எல்லோருக்கும் பொறுமை போய்விட்டது. துளைகள் வாய் திறந்திருந்தன, ஆனால் போதுமான அளவுக்கு இல்லை. வேலாயுதம் அண்ணன் துளைகளில் எண்ணெய் விட்டு, போல்ட்டின் தலையில் மரத்துண்டை வைத்து, சுத்தியலால் இறக்கினார். ஒவ்வொரு அடிக்கும் துரைசிங்கம் எண்ணினார். இருபத்து நாலாவது இறங்கியதும் எழுந்து, கட்டிலை இரண்டு கையாலும் பிடித்து ஆட்டினார். அது அசையவில்லை. மறுபக்கம் போய் ஆட்டினார். பிறகு கழுத்துப்பட்டையை எடுத்து ஒழுங்காகக் கட்டிக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்குப் பிறகு, விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு, ஒரு டின் பால்மாவோடு அந்த மாடி வீட்டுக்குப் போனேன். மூன்றரை அடிக் கட்டிலின் நடுவில், விளையாட்டு மைதானத்தில் வைத்துவிட்டுப் போன கைக்குட்டை மாதிரி, குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. யாமினி என்று பெயர். துரைசிங்கம் கட்டில் கம்பிகளுக்கு நடுவே கையை விட்டு, குழந்தையின் பக்கத்தில் முழங்கையை வைத்து அளந்துகொண்டிருந்தார்.

“பிள்ளை, இங்க பாருங்கோ. முழத்தைத் தாண்டிட்டாள்,” என்றார்.

திங்கட்கிழமை தவுக்கே என் அட்டவணையைக் கழற்றிக் கொடுத்தார். புள்ளிகளோடு திருப்பி அடித்தேன். தாள் அசிங்கமாகத்தான் இருந்தது. அந்தக் கடையில் பதினோரு ஆண்டுகள் வேலை செய்தேன், அது சுவரில் இருந்துகொண்டே இருந்தது.

கட்டிலும் நெடுநாள் உழைத்தது. யாமினிக்குப் பிறகு அவள் தம்பி. பிறகு கேலாங்கில் அவர்கள் உறவினர் வீட்டு இரட்டையர். பிறகு மார்சிலிங்கில் வேலாயுதம் அண்ணனின் பேரன். என் இரண்டு பிள்ளைகளும், தெரிந்தவர் வீடுகளில் இன்னும் நாலு குழந்தைகளும் அதில்தான் படுத்தார்கள். என் கணக்கில் பதினொரு குழந்தைகள், பெயர்கள் வரிசையாக இருக்கின்றன. ஒவ்வொரு தடவையும் லாரியில் முழுசாகவே போகும், முழுசாகவே வரும். பெயின்ட் மட்டும் மாறும். கடைசியில் யாமினியின் வீட்டுக்கே திரும்பி வந்து, பின்கட்டில் துணி காயப்போடும் இடத்தில் நின்றது.

தவுக்கே போய்விட்டார். வேலாயுதம் அண்ணன் போய்விட்டார். துரைசிங்கமும் போய்விட்டார், மகள் அவரைவிட உயரமாக வளர்ந்ததைப் பார்த்துவிட்டுத்தான் போனார். கடை இருந்த இடத்தில் ஹோட்டல் பிள்ளைகள் பயணிகளுக்குச் சாவி அட்டை கொடுக்கிறார்கள். மிஞ்சியிருக்கும் இரும்புக்கடைகளில் திருகாணிகள் பிளாஸ்டிக் பைகளில் தொங்குகின்றன, பையின் மேல் எம் எட்டு, எம் பத்து என்று மில்லிமீட்டர் அளவில் அச்சடித்திருக்கிறது. மூன்று நூல் என்று கேட்டால் உள்ளே இருக்கும் இளைஞர் தையல் கடைக்கு வழி சொல்கிறார். சொல்லியிருக்கிறார், என்னிடமே.

மருந்தகத்திலிருந்து வந்த அன்று சாயங்காலம், கல்லைப் பற்றிச் சொல்ல யாமினிக்குத் தொலைபேசினேன். அவளும் ஐம்பதை நெருங்குகிறாள். கல்லைப் பற்றி விசாரித்து, தண்ணீர் குடிக்கச் சொல்லிவிட்டு, “உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும் ஆன்ட்டி, திட்டக் கூடாது,” என்றாள். வீட்டைப் புதுப்பிக்கிறார்களாம். இடம் இல்லாமல் கட்டிலைக் காராங்குனிக்காரரிடம் கொடுத்துவிட்டாளாம். பழைய பொருள் எடுக்க வரும் அந்த மனிதர் கட்டிலைக் கழற்றி எடுத்துப் போகப் பார்த்திருக்கிறார்.

“ஸ்பேனர் போட்டாரு, எண்ணெய் விட்டாரு, தட்டிப் பாத்தாரு. இருபத்திநாலு போல்ட்டுல ஒண்ணுகூட வரல ஆன்ட்டி. அப்படி என்னதான் டைட்டா போட்டீங்க?”

“டைட்டா போடணும்னு போடலம்மா. ஓட்ட பத்தல.”

அவள் சிரித்தாள். கடைசியில் அறுக்கும் எந்திரத்தைக் கொண்டுவந்துதான் துண்டு போட்டார்களாம். அவள் பக்கத்திலேயே நின்று பிடித்துக்கொண்டிருந்திருக்கிறாள். நான்காவது காலை அறுக்கிற வரைக்கும் அது ஆடவே இல்லையாம்.